இடிபாடுகளை அள்ளுவது யார்? பேரிடருக்குப் பின் ஊரும் சேரியும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைச் சொல்லிவிட்டுக் கலைவது பல இடங்களில் வழக்கம். நம் மன்றம் அப்படிச் செய்வதில்லை. மறைந்தவர் வாழ்நாள் முழுதும் கேட்ட கேள்விகளில் ஒன்றை எடுத்து, இன்றைய நிலைமையில் வைத்துப் பேசுவதே நாம் செலுத்தும் அஞ்சலி. இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது இலக்கிய மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பொருள். புயலும் வெள்ளமும் ஓய்ந்த பிறகு மிஞ்சிக் கிடக்கும் இடிபாடுகளைப் பற்றியது. அவற்றை யார் அள்ளுகிறார்கள்? எங்கிருந்து அள்ளத் தொடங்குகிறார்கள்? அள்ளியதை எங்கே கொட்டுகிறார்கள்? அந்த வேலைக்கு என்ன கூலி?

பொறியியல் கேள்விகள்போலத் தோன்றும் இவற்றுக்கு நம் நாட்டில் சாதிதான் பெரும்பாலும் விடை சொல்கிறது. அதை விளக்குவதும், மாற்றுவதற்குச் சட்டத்திலும் நடைமுறையிலும் என்ன வழி இருக்கிறது என்று காட்டுவதும் இந்த உரையின் நோக்கம்.

புயல் விட்டுச் சென்றது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் அது நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது. நமக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. மேற்கே திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவின் மண்ணுக்கும் பாறைக்கும் அடியில் சிக்கி 7 பேர் உயிரிழந்தார்கள். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோரம் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்கள் மூழ்கின.

தண்ணீர் வடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் சேறு. வீட்டுக்குள் முழங்கால் அளவு, வயலில் விளைந்த நெல்லின் மேல், கிணற்றின் அடியில். அடுத்து மரங்களும் மின்கம்பங்களும். பிறகு வீடுகள்: கரைந்த மண்சுவர், சரிந்த கூரை, நொறுங்கிய ஆஸ்பெஸ்டாஸ் தகடு, தொகுப்பு வீடுகளின் பெயர்ந்து விழுந்த காங்கிரீட். அவற்றோடு ஊறிப்போன பாய், தலையணை, அரிசி மூட்டை, பள்ளிப் புத்தகம். நிரம்பி வழிந்த கழிவறைத் தொட்டிகளின் மலம். செத்த ஆடு, மாடு, கோழி, நாய். பூச்சிமருந்து டப்பாக்கள், உடைந்த கண்ணாடி.

அரசுக் கணக்கில் இவை எல்லாமே 'இடிபாடு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் எல்லா இடிபாடும் ஒன்றல்ல. சாய்ந்த புளியமரத்துக்கு விலை உண்டு, அதை ஏலம் விடலாம். செங்கல்லையும் கதவு நிலையையும் மீண்டும் பயன்படுத்தலாம். மலத்துக்கும் பிணத்துக்கும் விலை இல்லை, தீட்டு மட்டுமே உண்டு. விலையுள்ள இடிபாட்டுக்கு உரிமையாளர்கள் வந்துவிடுவார்கள். தீட்டுள்ள இடிபாட்டுக்கு ஆள் தேடுவார்கள். அந்த ஆளை எங்கே தேடுவார்கள் என்பதைத்தான் நாம் பேச வந்திருக்கிறோம்.

எந்த வரிசையில்?

பேரிடர் முடிந்ததும் முதலில் சாலைகளைத் திறக்க வேண்டும் என்பது சரியான விதி. ஆம்புலன்ஸ் போக வேண்டும், தண்ணீர் லாரி வர வேண்டும். நெடுஞ்சாலை, பிறகு மருத்துவமனைச் சாலை, பிறகு ஊர்ச் சாலை என்று பொக்லைன் நகரும். அந்த வரிசையில் சேரி கடைசியில் வருவதற்குக் காரணம் அதிகாரிகளின் மனம் மட்டும் அல்ல, நில அமைப்பும்தான்.

நம் வட்டாரத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஊர் மேட்டில் இருக்கும். சேரி ஏரியின் கலங்கலுக்குக் கீழேயோ, ஓடையின் ஓரத்திலோ, சுடுகாட்டுப் பாதையிலோ இருக்கும். இருளர் குடும்பங்களில் பலருக்கு ஏரிக்கரைப் புறம்போக்கைத் தவிர வேறு இடம் கிடைத்ததில்லை. செஞ்சி மலைகளில் தொடங்கும் சங்கராபரணி, நம் மக்கள் வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் சொல்வது, வீடூர் அணையை நோக்கி ஓடும்போது தாழ்வான இடங்களைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் முதலில் நுழையும் இடத்திலிருந்து அது கடைசியாகத்தான் வடிகிறது. அங்கே போகும் பாதை குறுகலானது, பொக்லைன் திரும்ப இடம் இருக்காது. ஆகவே இயந்திரம் ஊர்த் தெருவோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் மண்வெட்டியும் அன்னக்கூடையும் பெண்களின் தலையும்தான்.

வீட்டுக்குள் புகுந்த சேற்றை வழித்து எடுப்பது, பாத்திரம் கழுவுவது, துணியை அலசுவது, ஈர அரிசியைக் காயவைத்துப் பார்ப்பது என்று பெண்கள் செய்யும் வேலை எந்த மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை. அதே நாள்களில் வயல் வேலையும் இல்லை. ஆக, கூலி இல்லாத நாள்களில் கூலி இல்லாத வேலையைச் செய்கிறார்கள்.

கொட்டும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் அள்ளிய குப்பையை எங்கே கொட்டுவது என்ற பேச்சு வந்தால், விரல்கள் சுடுகாட்டுப் பக்கமும் சேரிக்குப் பின்னால் உள்ள பள்ளத்தின் பக்கமும் நீளும். பள்ளம் என்பது தண்ணீர் ஓடும் வழி. அதை அடைத்தால் அடுத்த மழையில் தண்ணீர் சேரிக்குள் இன்னும் உயரமாக நிற்கும். ஒரு பேரிடரின் குப்பை அடுத்த பேரிடருக்கு அடித்தளம் போடுவது இப்படித்தான்.

எந்தக் கைகள்?

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளுக்கு இடையிலிருந்து உடல்களை எடுக்கவும் புதைக்கவும் வெவ்வேறு நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் லாரிகளில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். கையுறையும் முகக்கவசமும் போதிய அளவு இல்லாமல், தங்க இடமும் இல்லாமல் அந்த வேலையைச் செய்து முடித்தார்கள். மீனவ மக்களின் துயரத்தை உலகம் பார்த்தது, பார்க்கவும் வேண்டும். அந்தத் துயரத்தைக் கைகளால் தூக்கியவர்களை யாரும் பார்க்கவில்லை.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. நடிகர்களும் தன்னார்வலர்களும் படகுகளில் போன படங்கள் நினைவிருக்கும். வெள்ளம் வடிந்ததும் மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்கள் சென்னைக்கு அழைத்துவரப்பட்டார்கள். காலில் காலணிகூட இல்லாமல் அழுகிய குப்பையில் நின்றவர்களின் படங்களும் அப்போது வெளியாயின. நகரம் மீண்டது என்று எழுதப்பட்டது. மீட்டவர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

உடல்களையும் மலத்தையும் அழுகியதையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று நிர்வாகம் நினைக்கும்போதெல்லாம் குறிப்பிட்ட சாதிகளின் பெயர்ப்பட்டியல் தானாகத் திறந்துகொள்கிறது. துப்புரவுத் தொழிலாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள், கிராம ஊராட்சியில் தூய்மைக் காவலர் என்றார்கள். பெயர்கள் மாறியுள்ளன. பட்டியல் மாறவில்லை.

பேரிடர் எல்லோரையும் சமமாக்குகிறது என்று சொல்வார்கள். உண்மையில் பேரிடர், சமூகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கூரையைப் பிரித்துக் காட்டுகிறது. சாதாரண நாளில் மறைவாக நடக்கும் வேலைப் பிரிவினை அன்று நடுத்தெருவில் நடக்கிறது.

1858இலிருந்து ஒரு நூல்

இது வெறும் பழக்கம் அல்ல, ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் சென்னை மாகாணத்துக்கான கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடைந்து வெள்ளம் சூழும் அபாயம் வந்தால், அக்கம்பக்கத்தில் உள்ள உழைக்கும் வர்க்கத்து ஆண்களை வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்த அதிகாரிக்கு அது உரிமை தந்தது. குடிமராமத்து என்று வழக்கத்தில் இருந்த உழைப்பையும் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, வெள்ளம் வந்தால் ஊரிலுள்ள எல்லோரும் வர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை என்பது. உழைக்கும் வர்க்கத்தார் வர வேண்டும் என்றது. ஏரி நீர் பாயும் நிலம் யாருடையதோ அவர் கரையில் நிற்கலாம், கரையை அடைக்கும் உடல் வேறொருவருடையது. வெட்டியான், தோட்டி, நீர்கட்டி என்று ஊர்வேலைகள் எந்தச் சாதிகளின்மீது சுமத்தப்பட்டிருந்தன என்பதை இந்த அவைக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நாட்டாமையின் வாய்ச்சொல்லுக்கு அந்நிய அரசு முத்திரை குத்திக் கொடுத்தது.

இதற்கு நேரெதிரான வாக்கியம் நம் அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 23 வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடைசெய்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவைப் பலர் படிப்பதில்லை. பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவையை விதிக்கலாம், ஆனால் மதம், இனம், சாதி, வர்க்கம் என்ற காரணங்களால் மட்டும் அதில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. சாதியோடு வர்க்கத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். உழைக்கும் வர்க்கத்தை மட்டும் அழைத்த 1858ஆம் ஆண்டுச் சிந்தனைக்கு இங்கே இடமில்லை. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு பெற்ற சட்டம் பேரிடர் நாளுக்கும் பொருந்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டாம். ஊரைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டுமென்றால் ஊர் முழுவதையும் அழைக்க வேண்டும்.

இந்த நூலைப் பிடித்து வந்த வேறு சட்டங்களும் உண்டு. காட்டுமன்னார்கோயில் தந்த தலைவர் எல். இளையபெருமாள் தலைமையிலான குழு, நாடு முழுதும் தீண்டாமையை ஆராய்ந்து 1969இல் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து 1976இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமானது. அதன் 7ஏ பிரிவின்படி, தீண்டாமையின் பேரில் ஒருவரைத் துப்புரவு செய்யவோ செத்த விலங்கை அகற்றவோ கட்டாயப்படுத்துவது குற்றம். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, பட்டியல் சாதி, பழங்குடி மக்களை மனித உடலையோ விலங்கின் உடலையோ சுமக்கக் கட்டாயப்படுத்துவதையும் குழி தோண்ட வைப்பதையும் வன்கொடுமை என்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மலத்தைக் கையால் அள்ள வைப்பதைத் தடைசெய்கிறது. வெள்ளத்தில் நிரம்பி வழிந்த தொட்டிக்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை.

கூலியைப் பற்றி ஒரு தீர்ப்பு உண்டு. ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலையில் சாலை போட்டவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடத் தரப்படவில்லை. நிவாரண வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று மாநிலம் தனிச் சட்டமே வைத்திருந்தது. 1983இல் சஞ்சித் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. துன்பத்தில் இருப்பவருக்கு வேலை தருகிறோம் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது பிரிவு 23க்கு எதிரானது என்றது. பேரிடர் வேலை தருமம் அல்ல, வேலைதான் என்பதை இந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

இவ்வளவு இருந்தும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, சமூகம், பாலினம், வம்சம், மதம் என்று பாகுபாடு கூடாது என்கிறது (பிரிவு 61). இடிபாடுகளை அகற்றும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குத் தருகிறது (பிரிவு 34). ஆனால் அகற்றும் வேலையைப் பங்கிடுவதில் பாகுபாடு கூடாது என்று சொல்லவில்லை. கட்டடக் கழிவுகளுக்காக 2025இல் ஒன்றிய அரசு அறிவித்த புதிய விதிகள் இயற்கைப் பேரிடரில் உண்டாகும் கழிவுக்குப் பொருந்தா. ஆக, எந்தக் குப்பைக்கு மிகத் தெளிவான விதி வேண்டுமோ அந்தக் குப்பை விதிக்கு வெளியே கிடக்கிறது. விதி இல்லாத இடத்தில் வழக்கம் ஆட்சி செய்யும். நம் ஊர் வழக்கம் எது என்று நமக்குத் தெரியும்.

இடிபாடு ஒரு சாட்சி

செஞ்சியில் நின்று பேசும்போது கோட்டையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் சந்திரகிரியிலும் கிடப்பவையும் இடிபாடுகள்தாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கால இராணுவ நிலப்பரப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாக நம் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே உதிர்ந்த கல்லும் வரலாற்றின் சாட்சி என்று சட்டம் காக்கிறது. அது நல்லதே. அரசர்களின் இடிந்த சுவருக்குக் கிடைக்கும் அந்தப் பார்வை, கூலிக்காரரின் இடிந்த சுவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. ஏனென்றால் அதுவும் சாட்சிதான்.

புயலுக்குப் பின் வீட்டு நிவாரணம் கேட்டால் என்ன கேட்கிறார்கள்? பட்டா இருக்கிறதா, வீட்டு வரி ரசீது இருக்கிறதா, முழுச் சேதமா பகுதிச் சேதமா. ஏரிப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்திடம் பட்டா இருக்காது. இருந்த ரேஷன் அட்டையும் ஆதாரும் வெள்ளத்தில் போயிருக்கும். அங்கே ஒரு வீடு இருந்தது என்பதற்கு மிஞ்சும் ஒரே ஆதாரம் விழுந்து கிடக்கும் சுவர்தான். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்ப்பதற்கு முன் அதை வாரிக் கொட்டிவிட்டால், வீட்டோடு உரிமையும் போய்விடும். சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் குடியிருப்பையே அகற்றிவிட்டு, அந்த இடத்துக்கு வேலி போட்டால் திரும்பி வர வழி இல்லை.

வயலிலும் இதே கணக்குதான். மாநிலப் பேரிடர் நிதியின் விதிகளில், 3 அங்குலத்துக்கு மேல் மணல் படிந்த விளைநிலத்தைச் சீர்செய்ய உதவித்தொகைக்கு இடம் உண்டு. அது நிலத்தின் பேரில் வருகிறது. அந்த மணலை வாரப் போகும் கூலிப் பெண்ணின் பேரில் அது வருவதில்லை.

ஆகவே எங்கள் முதல் விதி: பதிவுக்குப் பிறகே அகற்றம். பாதையை மறிப்பதையும் உயிருக்கு ஆபத்தானதையும் உடனே எடுக்கலாம். மற்றதை நான்கு பக்கமும் படம் எடுத்து, நாள் குறித்து, வீட்டாரின் பெயரோடும் அக்கம்பக்கத்தாரின் கையெழுத்தோடும் எழுதி வைத்த பிறகே தொட வேண்டும். ஒரு செல்பேசியும் ஒரு நோட்டும் போதும். பட்டா இல்லாதவருக்கு அந்த நோட்டுதான் ஆவணம்.

எப்படிச் செய்யலாம்?

இடிபாட்டைக் கையாள்வதில் உலகம் கற்ற பெரிய பாடம், கலக்கக் கூடாது என்பது. ஜப்பானில் ஹிகாஷிமட்சுஷிமா என்றொரு சிறு நகரம். 2003இல் அங்கே நிலநடுக்கம் வந்தபோது எல்லாவற்றையும் கலந்து குவித்துவிட்டு, பிறகு பிரிக்கப் பெரும் செலவு செய்தார்கள். 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை வந்தபோது தொடக்கத்திலிருந்தே மரம், உலோகம், காங்கிரீட், பாய், மின்பொருள் என்று பிரித்தார்கள். வேலை இழந்த உள்ளூர் மக்கள் நூற்றுக்கணக்கானோர் கூலிக்கு அமர்ந்து கையால் பிரித்தார்கள். பெரும்பகுதி இடிபாடு மீண்டும் பயனுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த வேலை வருமானமாயிற்று. அதைச் செய்தவர்களை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசிச் செய்தியையும் சேர்த்துத்தான்.

நம் மக்களுக்குப் பிரிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கரைந்த மண்சுவரை மீண்டும் குழைத்துச் சுவர் எழுப்புகிறோம். பழைய செங்கல்லைச் சுரண்டி அடுக்குகிறோம். பனை உத்திரத்தைக் காயவைத்து அடுத்த கூரைக்கு ஏற்றுகிறோம். அந்த அறிவுக்கு மதிப்பும் கூலியும் இல்லை என்பதே குறை.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்கவோ, காய்ந்த நிலையில் இழுக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாகும். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாக எடுத்து, கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியே வைக்க வேண்டும். மின்வாரியத்தினர் மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக உறுதி சொல்லாமல் கம்பிக்கு அருகே போகக் கூடாது. சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் துப்புரவு வேலையில் இறங்கியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை தடுப்பு மருந்தாகத் தரப்பட்டது. இங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையும் டெட்டனஸ் ஊசியும் கேட்டு வாங்க வேண்டும். செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தந்த பிறகு, இயந்திரத்தால் ஆழக் குழி தோண்டி, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளிப் புதைக்க வேண்டும். பொக்லைன் இருக்கும் காலத்தில் மனிதத் தோள் அதற்குத் தேவையில்லை.

கிராமசபையில் வைக்க வேண்டியவை

இவற்றைப் புயல் வந்த பிறகு பேச முடியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், கிராமசபையில் தீர்மானமாக எழுத வைக்க வேண்டும். நாங்கள் முன்வைப்பவை இவை.

ஒன்று, இடிபாட்டு வேலைக்கு ஊர், சேரி என்ற பிரிவில்லாமல் எல்லா வீடுகளிலிருந்தும் பெயர் எழுதிய பொதுப் பட்டியல். வேலைகள் சுழற்சி முறையில் வர வேண்டும். பிணமும் மலமும் ஒரே தெருவின் பொறுப்பாகக் கூடாது.

இரண்டு, வேலை செய்யும் எவருக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத ஊதியம், வீட்டுச் சேற்றை அள்ளும் பெண்களுக்கும் சேர்த்து. வெளியூரிலிருந்து அழைத்து வரப்படும் தூய்மைப் பணியாளர்களுக்குத் தங்குமிடம், உணவு, பயணப்படி, காப்பீடு.

மூன்று, முழங்கால் வரை காலணி, கையுறை, முகக்கவசம், தடுப்பு மருந்து ஆகியவை கையில் வந்த பிறகே வேலை தொடங்குவது. இல்லையென்றால் மறுக்கும் உரிமை.

நான்கு, தற்காலிகமாகக் கொட்டும் இடத்தை முன்கூட்டியே குறிப்பது. அது சேரிக்கு அருகிலோ நீர்வழியிலோ சுடுகாட்டிலோ இருக்கக் கூடாது. எத்தனை நாளில் அங்கிருந்து எடுக்கப்படும் என்றும் எழுத வேண்டும்.

ஐந்து, பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழுந்த வீடு எல்லாம் பதிவாக வேண்டும்.

ஆறு, இயந்திரம் முதலில் தாழ்வான குடியிருப்புக்குப் போக வேண்டும். அதற்கான பாதையை இப்போதே அகலப்படுத்த வேண்டும்.

இவற்றில் ஒன்றும் சலுகை அல்ல. பிரிவு 23 எழுதப்பட்டுவிட்டது, தீர்ப்பு வந்துவிட்டது. எழுதப்பட்டதை ஊருக்குள் நடத்திக் காட்டுவது நம் வேலை.

தோழர்களே, நம் எழுத்தாளர்களுக்கும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். புயலைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளத்துக்கு மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வந்து இறங்கியவரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அவர் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார், அன்று என்ன சாப்பிட்டார், திரும்பிப் போனபோது கையில் என்ன கூலி இருந்தது, பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டு எழுதுங்கள். நம் மன்றத்தின் அடுத்த தொகுப்புக்கு அந்தப் பதிவுகளைக் கேட்கிறோம். இந்த மழைக்காலத்துக்கு முன் கிராமசபைத் தீர்மானங்களையும் கேட்கிறோம்.

ஜெய்பீம்.